மூணாவது ஆள்கிட்ட போனப்பதான் தம்பிக்கு வழி கெடச்சது: ஒரு நிகழ்வு ஆய்வு

இத எழுதறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட கேட்டுட்டேன். ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டு நாலு எடத்துல மாத்தச் சொன்னான், மாத்திட்டேன். அவன அடையாளம் காட்டற விஷயம் எதுவும் இதுல கெடையாது, நாங்க பாத்த தெரப்பிஸ்டுங்க பேரும் கெடையாது. நான் இந்தத் துறை ஆள் இல்ல. கூடப் பொறந்தவளா ஒன்றர வருஷம் அவன் பின்னாடி அலைஞ்சு, ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சு, ரெண்டு தடவ தப்பா ஆளத் தேர்ந்தெடுத்து, அப்பறம் சரியான ஒருத்தங்கள கண்டுபிடிச்சது வரைக்கும் நடந்தத வரிசையா எழுதறேன். வீட்ல ஒருத்தருக்காக இப்ப தெரப்பிஸ்ட தேடிக்கிட்டு இருக்கறவங்களுக்கு இதுல ஒரு வரி ஒதவினாலும் போதும்.

என்ன ஆச்சு அவனுக்கு

தம்பிக்கு அப்ப 24 வயசு, என் பொண்ணுக்கு நாலு மாசம். பொறந்ததுலேர்ந்து அவ பாதி நேரம் மாமா மடியிலதான் கெடப்பா. வேலை முடிஞ்சு வந்தா கை கழுவிட்டு நேரா தொட்டில்கிட்டதான் போவான். திடீர்னு அது நின்னு போச்சு. "கொஞ்சம் தூக்குடா"ன்னு நீட்டினா "சளி புடிச்சிருக்கு அக்கா, வேணாம்"னுவான். அவ இருக்கற ரூமுக்கே வர்றதில்ல. கத்தி வெளிய கெடந்தா எடுத்து டிராயர்ல போட்டு மூடுவான், அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி வந்து மூடியிருக்கான்னு தொட்டுப் பாப்பான். நடு ராத்திரி எங்க ரூம் கதவுகிட்ட நின்னு கொழந்த மூச்சு சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கிட்டு நிக்கறத ரெண்டு தடவ பாத்திருக்கேன். வேலையில டென்ஷன், சரியா தூக்கம் இல்ல, கொழந்த அழற சத்தம் வேற அவனுக்கு எரிச்சலா இருக்கு போலன்னுதான் நான் நெனச்சேன், உண்மைய சொல்லணும்னா எனக்கு அவன் மேல கொஞ்சம் வருத்தம் கூட இருந்துச்சு.

ஒடம்பு எளச்சு, லீவு மேல லீவு போட ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான் "யார்கிட்டயாவது போய் பேசிப் பாக்கலாமாடா"ன்னு கேட்டேன், உடனே சரின்னுட்டான். அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டதுலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

மொதல் ஆள்: ரொம்ப நல்லவங்க

நாங்க எப்படி தேர்ந்தெடுத்தோம்னா, போன்ல தேடினோம், பக்கத்துல யாரு, யாருக்கு நெறைய ஸ்டார் இருக்கு, யாரு சாயங்காலம் டைம் குடுக்கறாங்க, அவ்ளோதான். அவங்க எதுல பழகினவங்க, என்ன படிச்சவங்க, ஒண்ணுமே கேக்கல. கேக்கலாம்னே எங்களுக்குத் தெரியாது.

அவங்க ஒரு கவுன்சிலர், நடுத்தர வயசு அம்மா. மொதல் நாள் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அது பி.எச்.க்யூ-9ன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒம்பது கேள்வி, மொத்தம் 27 மார்க், மனச்சோர்வு எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுக்கு. தம்பிக்கு 13 வந்துச்சு, அதாவது நடுத்தரமான மனச்சோர்வு. அந்த ஃபார்ம் அது கேக்கறத ஒழுங்காத்தான் கேக்குது, ஆனா திரும்பத் திரும்ப வர்ற பயங்கரமான எண்ணத்தப் பத்தியோ, திரும்பத் திரும்ப செக் பண்றதப் பத்தியோ அதுல ஒரு கேள்வி கூட கெடையாது. ஆக 13ங்கற நம்பர வச்சுக்கிட்டு அவங்க அதுக்கே வேலை பாக்க ஆரம்பிச்சாங்க.

இன்னொரு தப்பு என்னோடது. அந்த மொதல் சிட்டிங்ல நானும் அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், தொணையா இருக்கணும்னு. அவன் சொல்ல வேண்டிய விஷயமே என் கொழந்தையப் பத்தினது, நான் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப அவன் வாயத் தொறப்பானா? பெரியவங்கள தெரப்பிக்கு கூட்டிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு வெளிய உக்காருங்க. கூட வரணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.

மூணாவது சிட்டிங்ல தனியா இருக்கறப்ப பாதி சொல்லியிருக்கான், "கொழந்தைய ஏதாவது பண்ணிடுவேனோன்னு தோணுது"ன்னு. அவங்க அவன் கையப் புடிச்சு "நீ எவ்ளோ நல்ல புள்ள, உன் மனசுல அப்படி எதுவும் கெடையாது, நீ அப்படிலாம் பண்ணவே மாட்டே"ன்னு சொல்லியிருக்காங்க. அவனுக்கு ஒடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்துச்சாம். வீட்டுக்கு சிரிச்ச முகத்தோட வந்தான். ரெண்டு நாள் நல்லா இருந்தான், மூணாம் நாள் பழையபடி. அடுத்த வாரம் போனான், அவங்க மறுபடி அதையே சொன்னாங்க, மறுபடி லேசாச்சு. இப்படியே 11 சிட்டிங். கடைசி கட்டத்துல வாரம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டு கெடந்தான், நடுவுல தாங்க முடியாம அவங்களுக்கு மெசேஜ் பண்ணி "நான் பண்ண மாட்டேன்ல மேடம்"னு கேக்க ஆரம்பிச்சுட்டான், அவங்களும் பாவம் ராத்திரி பத்து மணிக்கு கூட பொறுமையா பதில் போட்டாங்க.

இந்த எடத்த நான் திரும்பத் திரும்ப யோசிச்சிருக்கேன். அவனுக்கு இருந்தது ஓசிடி. ஓசிடின்னா கை கழுவறது, பூட்ட இழுத்துப் பாக்கறதுன்னு மட்டும்தான் எல்லாரும் நெனக்கறோம், வேண்டாத ஒரு எண்ணம் வந்து பயமுறுத்தறதும், அந்தப் பயம் அடங்கறதுக்காக எதையாவது பண்றதும்தான் அதோட அடிப்படை. அந்த "எதையாவது" கை கழுவறதாவும் இருக்கலாம், "நான் நல்லவன்தானே"ன்னு இன்னொருத்தர்கிட்ட கேட்டு உறுதி வாங்கிக்கறதாவும் இருக்கலாம். உறுதி கெடச்சதும் பயம் எறங்கும், எறங்கினதாலயே அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் கேக்கத் தோணும். அந்த அம்மா பாசமா குடுத்த ஒவ்வொரு ஆறுதலும் அவன் நோய்க்கு ஒரு வேளை தீனி. அவங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. ஒவ்வொரு தடவையும் வெளிய வர்றப்ப நல்லா இருந்ததால விட்டுட்டு வேற ஆளப் பாக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. சிட்டிங் முடிஞ்ச அரைமணி நேரத்துல எப்படி இருக்குன்னு பாத்து நாங்க ஏமாந்தோம், மாசக் கணக்குல அவன் வாழ்க்கை பெருசாகுதா சுருங்குதான்னு பாத்திருக்கணும்.

அந்த அம்மா மேல தப்புன்னு சொல்றது என் நோக்கம் இல்ல. தெரப்பிஸ்டுங்களுக்கே இது தெரியறது கஷ்டம்னு ஆராய்ச்சி இருக்கு. 2005ல வந்த ஒரு ஆய்வுல 550 பேருக்கு தெரப்பி குடுத்த தெரப்பிஸ்டுங்ககிட்ட, இதுல யாருக்கு மோசமாகும்னு நெனக்கறீங்கன்னு கேட்டாங்க. அவங்க மொத்தமா கை காட்டினது 3 பேர. நெஜத்துல மோசமானது 40 பேர். இதப் படிச்சப்ப அந்த அம்மா மேல எனக்கு இருந்த கோவம் போயிடுச்சு. ஆனா ஒண்ணு பிடிபட்டுச்சு, நமக்கு முன்னேற்றம் இருக்கான்னு நாமளும் தனியா ஒரு கணக்கு வச்சிருக்கணும், அவங்க முகத்தப் பாத்து தெரிஞ்சுக்க முடியாது.

ரெண்டாவது ஆள்

இவர சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா மூணே சிட்டிங்தான். தெரிஞ்சவங்க சொல்லிப் போனோம், "எங்க பொண்ணுக்கு டிப்ரஷன், இவர்தான் சரி பண்ணினாரு"ன்னாங்க. அவங்க பொண்ணுக்கு சரியானது நெஜம்தான். தம்பி இந்த தடவ தைரியமா முழுசா சொல்லியிருக்கான், கத்தி, கொழந்த, எல்லாத்தையும். அந்த மனுஷன் முகம் மாறிடுச்சாம். அக்கா மேல ஆழ் மனசுல ஏதோ கோவம் இருக்கு, பாசம் கொழந்தைக்குப் போயிடுச்சுங்கற பொறாமை இருக்கலாம், அதத் தோண்டிப் பாக்கணும், அது வரைக்கும் கொழந்த இருக்கற வீட்ல இருக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அன்னிக்கு ராத்திரியே ஃப்ரெண்ட் ரூமுக்கு துணிய எடுத்துக்கிட்டு போயிட்டான். எங்ககிட்ட ஆபீஸ் பக்கத்துலன்னு பொய் சொன்னான். அவன் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, படிச்ச ஒரு டாக்டரே பயப்படறாருன்னா நான் நெஜமாவே ஆபத்தானவன்தான்.

பத்து நாள் கழிச்சு நான் போய் அந்த ரூம் வாசல்ல உக்காந்து எழுந்திரிக்கவே மாட்டேன்னு சொன்னதுக்கு அப்பறம்தான் எல்லாத்தையும் சொன்னான். எனக்கு வயித்துக்குள்ள ஏதோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் அவன் அக்கா, ஆனா அந்தக் கொழந்தைக்கு அம்மா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. மூணாம் நாள்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

படிச்சப்ப மொதல்ல கெடச்சது 1978ல ராக்மன், டி சில்வான்னு ரெண்டு பேர் பண்ணின ஆய்வு. எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆளுங்ககிட்ட கேட்டா, சுமார் 80 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி வேண்டாத எண்ணம் வருது, அடிச்சுடுவேனோ, தள்ளி விட்டுடுவேனோ, அசிங்கமா ஏதாவது கத்திடுவேனோன்னு. நமக்கு வந்துட்டு போயிடுது, ஓசிடி இருக்கறவங்களுக்கு அது ஒட்டிக்குது, ஏன்னா அவங்க அதுக்கு அர்த்தம் குடுக்கறாங்க, பயப்படறாங்க, தொரத்தப் பாக்கறாங்க. எனக்கும் பிரசவம் முடிஞ்ச புதுசுல மாடிப்படியில நிக்கறப்ப கொழந்த கை நழுவிடுமோன்னு ஒரு காட்சி பளிச்சுன்னு வந்துட்டுப் போகும், நான் அத யார்கிட்டயும் சொன்னதில்ல. அவனுக்குப் போன் போட்டு அத சொன்னேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம்.

மூணாவது தேடல், இந்த தடவ கேள்வியோட

இப்ப எங்ககிட்ட ஒரு பேர் இருந்துச்சு: ஓசிடி. அதுக்குன்னு ஒரு முறை இருக்குன்னும் தெரிஞ்சுச்சு, ஈஆர்பின்னு சொல்றாங்க, பயப்படற விஷயத்துக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா போய் நிக்கணும், ஆனா வழக்கமா பண்ற செக்கிங்கையோ உறுதி கேக்கறதையோ பண்ணக் கூடாது. 1966ல விக்டர் மேயர்னு ஒருத்தர் ரெண்டே ரெண்டு நோயாளிங்கள வச்சு இப்படிப் பண்ணிப் பாத்து எழுதினதுலதான் இது ஆரம்பிச்சிருக்கு, இன்னிக்கு ஓசிடிக்கு மொதல்ல பரிந்துரைக்கற தெரப்பி இதுதான்.

ஆனா டயக்னோசிஸ் தெரியாம எப்படி ஆளத் தேடறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எங்களுக்கு அப்பவே யாராவது சொல்லியிருக்கக் கூடாதான்னு நான் நெனக்கறது இதத்தான்: என்ன பிரச்சினைன்னு தெரியலன்னா மொதல்ல முழு மதிப்பீடு பண்றவங்ககிட்ட போங்க, ஒரு சைக்கியாட்ரிஸ்ட் இல்லன்னா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படிச்சவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மனநோய மதிப்பிடறதுலயும் தெரப்பி குடுக்கறதுலயும் பயிற்சி எடுத்தவர். கவுன்சிலர்ங்கற பேர் மட்டும் பல எடத்துல யார் வேணா போட்டுக்கலாம், நல்லா படிச்சவங்களும் அதே பேர்லதான் இருப்பாங்க, ஒரு வாரக் கோர்ஸ் முடிச்சவங்களும் அதே பேர்லதான் இருப்பாங்க. அதனால என்ன படிச்சீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்கன்னு கேக்கறது மரியாதக் கொறச்சல் இல்ல. ஒழுங்கானவங்க யாரும் இதுக்குக் கோச்சுக்கவே மாட்டாங்க.

நான் ஏழு பேருக்குப் போன் போட்டேன். எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி: "வேண்டாத எண்ணம் வர்ற ஓசிடிக்கு நீங்க எப்படி வேலை பண்ணுவீங்க?" ரெண்டு பேர் எடுக்கவே இல்ல. ஒருத்தர் "நாங்க எல்லா முறையும் கலந்து பண்ணுவோம்"னாரு, அதுல எதுன்னு கேட்டா பதில் இல்ல. இன்னொருத்தர் எண்ணம் வந்தா "நிறுத்து"ன்னு மனசுக்குள்ள கத்தச் சொல்லிக் குடுப்போம்னாரு, கையில ரப்பர் பேண்டு சுண்டச் சொல்லுவோம்னாரு. அது பழைய முறை, தொரத்தத் தொரத்த எண்ணம் கூடத்தான் செய்யும், வெள்ளக் கரடிய நெனக்காதீங்கன்னு சொன்னா அதேதான் வந்துக்கிட்டு இருக்கும்னு 1987லயே வெக்னர்னு ஒரு உளவியல்காரர் சோதன பண்ணிக் காட்டிட்டாரு. அஞ்சாவது ஆள் "மூணு சிட்டிங்ல கேரண்டியா சரி பண்ணிடலாம், பேக்கேஜா கட்டினா கொறைச்சுக்கலாம்"னாரு. மனசு விஷயத்துல கேரண்டி குடுக்கறவங்ககிட்ட போகாதீங்க, வேற எதுவும் யோசிக்க வேணாம்.

ஆறாவதா பேசினவங்கள நான் மறக்கவே மாட்டேன். "எனக்கு ஓசிடில போதுமான பயிற்சி இல்லங்க, நான் அதிகமா துக்கம், குடும்பப் பிரச்சினை இதுலதான் வேலை பாக்கறேன். ஈஆர்பி தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க, நம்பர் தரட்டுமா?"ன்னாங்க. தனக்குத் தெரியாதுன்னு சொல்ற ஒரு வாய்தான் எங்களக் கரை சேத்துச்சு. ஏழாவது போன் அந்த நம்பருக்குத்தான்.

மொதல் சந்திப்பு

இந்த தடவ நான் வெளிய உக்காந்திருந்தேன். தம்பி ஒரு பேப்பர்ல கேள்வி எழுதிக்கிட்டுப் போனான், கை நடுங்குச்சு ஆனா கேட்டுட்டான்: எவ்ளோ சிட்டிங் ஆகும், முன்னேற்றம் இருக்கான்னு எத வச்சு பாப்பீங்க, வேலை செய்யலன்னா என்ன பண்ணுவீங்க, நான் சொல்றது யாருக்கெல்லாம் போகும். அவங்க ஒவ்வொண்ணுக்கும் நேரா பதில் சொன்னாங்க. சாதாரணமா 12லேர்ந்து 20 சிட்டிங், சில பேருக்கு கூடவும் ஆகும். அஞ்சாறு சிட்டிங்குக்கு ஒருக்கா அளந்து பாப்போம், அசையலன்னா முறைய மாத்துவோம், இல்ல நானே வேற ஆள்கிட்ட அனுப்புவேன். சொல்றது வெளிய போகாது, உயிருக்கு நெஜமான ஆபத்து இருந்தா மட்டும் விதிவிலக்கு, அப்பவும் மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்.

இந்தக் கடைசி வரியில அவன் வெளிறிப் போயிருக்கான், எண்ணத்த சொன்னா போலீஸ கூப்பிடுவாங்களோன்னு. அப்பவும் சொன்னான். எல்லாத்தையும். அவங்க குறுக்க விசாரிச்சாங்க, அந்த எண்ணம் வர்றப்ப எப்படி இருக்கு, அத செய்யணும்னு ஆசை இருக்கா இல்ல அருவருப்பா இருக்கா, யாரையாவது இதுக்கு முன்னாடி அடிச்சிருக்கீங்களா, அது வந்ததும் என்ன பண்றீங்கன்னு. பயப்படாததுக்கும் கண்ண மூடிக்கிட்டு நம்பறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அவங்க ஒழுங்கா கேட்டுட்டுத்தான் முடிவுக்கு வந்தாங்க. அப்பறம் ஒய்-பாக்ஸ்னு ஒரு அளவுகோல், 1989லேர்ந்து ஓசிடிக்குன்னே இருக்கறது, பத்து கேள்வி, மொத்தம் 40. தம்பிக்கு 29. அதாவது கடுமையானது. மனச்சோர்வு ஃபார்ம்ல நடுத்தரம்னு தெரிஞ்ச அதே ஆள்.

வெளிய வந்து கார்ல உக்காந்து அவன் சொன்ன மொத வார்த்த: "அவங்க பயப்படல அக்கா."

மொதல் அம்மாவ பாத்துட்டு வந்தப்ப இருந்த அந்த லேசு இந்த தடவ இல்ல. சோர்ந்து போயிருந்தான், அடுத்த வாரத்த நெனச்சு வயித்தக் கலக்குதுன்னான். ஆனா திட்டம்னு ஒண்ணு கையில இருந்துச்சு. 1979ல எட்வர்ட் போர்டின்னு ஒருத்தர், தெரப்பிஸ்டுக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல இருக்கற ஒறவ மூணாப் பிரிச்சாரு: ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்கற பிடிப்பு, எத நோக்கிப் போறோம்ங்கறதுல ஒத்துப் போறது, அதுக்கு என்ன வேலை செய்யப் போறோம்ங்கறதுல ஒத்துப் போறது. எங்க கேஸ இத வச்சுப் பாத்தா எனக்கு எல்லாமே தெளிவாகுது. மொதல் அம்மாகிட்ட பிடிப்பு ஏராளம், மத்த ரெண்டும் கெடையாது. ரெண்டாவது ஆள்கிட்ட ஏதோ ஒரு வேலை இருந்துச்சு, பிடிப்பு துளி இல்ல, அந்த வேலையும் இந்த நோய்க்கு ஒவ்வாதது. தெரப்பிஸ்டோட ஒறவு முக்கியம், அது நல்லா அமைஞ்சா பலனும் நல்லா இருக்குன்னு நூத்துக்கணக்கான ஆய்வு சொல்லுது, "மனசுக்குப் புடிச்சவரா பாருங்க"ன்னு எல்லாரும் சொல்றதும் அதனாலதான். ஆனா அந்த ஒறவுங்கறது பாசம் மட்டும் இல்ல, அங்கதான் நாங்க வழுக்கி விழுந்தோம்.

தெரப்பி எப்படிப் போச்சு

29 வந்ததால சைக்கியாட்ரிஸ்ட்டையும் பாத்துடலாம்னு அவங்களே சொன்னாங்க. மாத்திரைன்னதும் ரெண்டு வாரம் முரண்டு புடிச்சான். அந்த டாக்டர் பொறுமையா வெளக்கினாரு, ஓசிடிக்குக் குடுக்கறதும் மனச்சோர்வு மாத்திரை வகைதான், ஆனா மனச்சோர்வுக்குக் குடுக்கறத விட பொதுவா கூடுதல் அளவுல தேவைப்படும், பலன் தெரிய எட்டுலேர்ந்து பன்னண்டு வாரம் ஆகலாம், நடுவுல தானா நிறுத்திடாதீங்கன்னு. ரெண்டு பேரும் அவன் சம்மதத்தோட ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாங்க, இது பெரிய விஷயம், நாம நடுவுல தபால்காரன் வேலை பாக்க வேண்டி வரல.

பயப்படற விஷயத்தெல்லாம் எழுதி பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் மார்க் போட்டு ஏணி மாதிரி அடுக்கினாங்க. "கொழந்த"ங்கற வார்த்தையையும் "கத்தி"ங்கற வார்த்தையையும் ஒரே பேப்பர்ல எழுதறதுக்கே அவன் போட்டது 35. அவ தூங்கற ரூம்ல கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது 55. மடியில வச்சுக்கறது 75. அவ பக்கத்துல வெளையாடிக்கிட்டு இருக்கறப்ப காய் வெட்டறது 95. ஒவ்வொரு படியையும் அவங்க கூட ஒரு தடவ, அப்பறம் வீட்ல தெனமும். பயம் அடங்கற வரைக்கும்னு கூட கணக்கு இல்ல, பயம் இருக்கறப்பவே இருக்க முடியும்னு கத்துக்கறதுதான் பாடம்னாங்க.

என்னயும் ரெண்டு சிட்டிங்குக்கு கூப்பிட்டாங்க, அவன் அனுமதியோட. அப்பதான் எனக்கு உரைச்சுது, அந்த அம்மாவ சொல்லி என்ன, வீட்ல நானும் அதையேதான் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஃப்ரெண்ட் ரூம்லேர்ந்து வந்ததுலேர்ந்து தெனமும் ஏழெட்டு தடவ "அக்கா, நான் பண்ண மாட்டேன்ல"ன்னு கேப்பான், "பண்ண மாட்டடா தங்கம்"பேன். இனிமே அதுக்கு பதில் சொல்லாதீங்க, "இது ஓசிடி கேக்கற கேள்வி, நான் பதில் சொல்லப் போறதில்ல, உன் கூட உக்காந்திருக்கேன்"னு மட்டும் சொல்லுங்கன்னாங்க. சொல்லிப் பாருங்க, கூடப் பொறந்தவன் கண்ணுல தண்ணியோட கேக்கறப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு. மொத வாரம் ரெண்டு பேரும் சண்ட கூட போட்டோம். நாலாவது வாரம் அவன் கேக்கறது நாளைக்கு ஒண்ணு ரெண்டா கொறஞ்சுது.

ஏழாவது சிட்டிங் முடிஞ்சப்ப எனக்கு இதுவும் வேலை செய்யலயோன்னு ஒரு பயம் வந்துச்சு, ஏன்னா அவன் அழுதுக்கிட்டே வந்தான். எவ்ளோ நாள் பாத்துட்டு விடணும்னு எல்லாருக்கும் வர்ற கேள்வி இது. 1986ல ஹோவர்டும் அவர் கூட இருந்தவங்களும் பழைய ஆய்வுகளத் தொகுத்துப் பாத்தப்ப, எட்டு சிட்டிங்குக்குள்ள சுமார் பாதிப் பேருக்கும் 26க்குள்ள முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா எட்டுல ஒண்ணும் தெரியலன்னா உடனே ஓடணும்னு அர்த்தம் இல்ல, ஆனா ஆறேழுல ஒரு தடவ வாய் விட்டுப் பேசி ஆகணும். அவன் பேசினான், "எனக்கு பயமா இருக்கு, இது சரியா போகுதா தெரியல"ன்னு. அவங்க மொகம் சுளிக்கல. மறுபடி அளந்தாங்க, 29லேர்ந்து 23. அழுகையோட சேந்து எறங்கியிருந்துச்சு. ரெண்டு படிய நடுவுல சேத்து ஏணிய கொஞ்சம் சாய்வாக்கினாங்க. நாம கொற சொன்னா அந்த மனுஷங்க என்ன பண்றாங்கங்கறதுதான் என்னப் பொறுத்த வரைக்கும் ஒரு தெரப்பிஸ்ட்ட எடை போட நல்ல எடம்.

17வது சிட்டிங்ல 12. ஆறு மாசம் கழிச்சு பாத்தப்ப 9. பூஜ்யம் இல்ல, எண்ணம் இன்னும் வரும், வந்தா வந்துட்டுப் போகட்டும்னு வேலையப் பாக்கறான். நடுவுல வேலை மாறினப்ப ஒரு மாசம் மறுபடி ஏறுச்சு, ரெண்டு சிட்டிங் போய்ட்டு வந்தான்.

மொதல் அம்மாகிட்ட நாங்க சொல்லாம கொள்ளாம நின்னுட்டோம், அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆள மாத்தறது நம்ம உரிமை, அதுக்குக் குற்ற உணர்ச்சி தேவையில்ல, ஆனா ஒரு கடைசி சிட்டிங் வச்சு எதுக்கு போறோம்னு சொல்லி, அதுவரைக்கும் நடந்ததோட சுருக்கத்த எழுதி வாங்கிக்கிட்டா அடுத்தவங்ககிட்ட மறுபடி மொதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டாம். போன மாசம்தான் தம்பி அவங்களுக்கு நீளமா ஒரு மெசேஜ் எழுதினான், என்ன ஆச்சு, எது ஒதவல, எது ஒதவிச்சுன்னு. மொதல் தடவ வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட சொல்ல முடிஞ்சது அவங்ககிட்டதான்னும் எழுதினான். மறுநாள் காலைல பதில் வந்துச்சு: சொன்னதுக்கு நன்றி, இனிமே இந்த மாதிரி வந்தா நானே தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பறேன், அவங்க நம்பர் இருந்தா குடு தம்பின்னு.

குடுத்தான். அதே வாரம் அவன் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தனும் அதே நம்பர கேட்டிருக்கான், "உனக்கு சரி பண்ணவங்க யாருடா"ன்னு. அவனுக்கு மட்டும் தம்பி உடனே குடுக்கல. "மொதல்ல உனக்கு என்ன ஆகுதுன்னு சொல்லு"ன்னு கேட்டிருக்கான். அப்பா போய் ரெண்டு மாசமா தூங்கவே முடியலன்னு அவன் சொல்லியிருக்கான். தம்பி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு எனக்குப் போன் பண்ணான். "அக்கா, அந்த ஆறாவதா பேசினவங்க நம்பர் இன்னும் உன்கிட்ட இருக்கா?"